‘போய்ப் பாத்தீங்களா?’ என்று கேட்டவருக்கு

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அம்மையீர்!

வீட்டுவசதி, குப்பை அகற்றல், வாடிக்கையாளர் சேவை என்னும் முப்பெரும் பிரிவுகளையும் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் மேற்பார்த்த முதல்வியே! காகிதத்தில் கண்டதைக் கொண்டாடாமல் கண்ணால் கண்டதையே கருத்தில் கொண்ட கண்காணிப்புக் குழுச் செயலரே! நகர்மன்றத்து மாடியில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருக்க வேண்டிய பதவியை வகித்துக்கொண்டு, மண்ணிலும் மழையிலும் மாடிப்படியிலும் நின்று மக்கள் குறை கேட்ட மாண்பின் மறுவடிவே! அறிவின் ஆழியே! அன்பின் ஊற்றே! நேர்மையின் நிலைக்களனே! நெஞ்சுரத்தின்…

போதும் என்று நீங்கள் இந்தப் பணி நிறைவு விழாவின் முன்வரிசையிலிருந்து கையைத் தூக்குவது தெரிகிறது. முதல் வரைவில் இதைப் போல இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. எழுதிய கை, வாடிக்கையாளர் சேவைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் கை. தமிழ் கொஞ்சம் சுமாராக வரும் என்று எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது உங்கள் சிவப்புப் பேனா நினைவுக்கு வந்தது. ஒரு முறை, தண்ணீர்க் குழாய் உடைந்துபோன குடித்தனக்காரர் ஒருவருக்கு நாங்கள் எழுதிய பதிலில், ‘தங்களது மேலான முறையீடு கிடைக்கப்பெற்று, அதன்மீது தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று இருந்ததை முழுக்க அடித்துவிட்டு, ஓரத்தில், ‘குழாய் என்னைக்குச் சரியாகும்னு எழுதுங்க’ என்று குறித்துத் திருப்பி அனுப்பினீர்கள். அந்தப் பேனா இன்றைக்கும் உங்கள் கைப்பையில் இருப்பதாக நம்பத் தகுந்த வட்டாரம், அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரர், தெரிவிக்கிறார். ஆகவே அடைமொழிகளை அளவோடு நிறுத்திக்கொண்டு நடந்ததைச் சொல்கிறோம். பாராட்டு மடல் என்பதால் இடையிடையே ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடமை தவறாத காரிகையே!

உங்களுக்கு இந்த அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது உங்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். இத்தனை ஆண்டுகளாக இரு தரப்பும் தெரியாதது போலவே நடந்துகொண்டோம். இன்று கடைசி நாள், சபையிலேயே சொல்லிவிடலாம். உங்களை நாங்கள் ‘போய்ப் பாத்தீங்களா மேடம்’ என்றுதான் குறிப்பிடுவோம். “போய்ப் பாத்தீங்களா மேடம் இன்னைக்கு லீவா?” என்று மகிழ்ச்சியோடு விசாரிப்போம். “இல்ல, மாடிப்படி ஏறி வந்துட்டிருக்காங்க” என்று யாராவது சொன்னால் அவரவர் இடத்துக்கு ஓடுவோம்.

பெயர் வந்த காரணத்தைச் சபைக்குச் சொல்ல வேண்டும். “அந்தச் சாக்கடை அடைப்பை எடுத்தாச்சு மேடம்” என்று ஒருவர் வந்து சொன்னால், நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “போய்ப் பாத்தீங்களா?” என்பீர்கள். “ஆள் அனுப்பியிருக்கேன் மேடம்.” “நீங்க போய்ப் பாத்தீங்களா?” “போட்டோ அனுப்பியிருக்காங்க மேடம்.” “போட்டோவுல நாத்தம் வருமா?” என்று கேட்டுவிட்டு, மேசைக்கு அடியில் இருக்கும் ரப்பர் செருப்பைக் காலால் துழாவுவீர்கள். அந்தச் செருப்பு வெளியே வந்தால் யாரோ ஒரு பொறியாளர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை ஆறிய பிறகுதான் சாப்பிடப் போகிறார் என்று பொருள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று போனோம். அவரோ, “நீங்க சாயங்காலம் வரைக்கும்தான். நான் மோட்டார நிறுத்திட்டேன்னு சொன்னாலும் இதே கேள்விதான்” என்று எங்களிடமே ஆறுதல் தேடினார்.

உங்கள் கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபமே வராத குணவதி என்று எழுத இந்தப் பேனாவுக்கு மனசாட்சி இடம் தரவில்லை. கத்த மாட்டீர்கள். குரல் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு படி இறங்கியவுடன் எதிரே நிற்பவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கவுண்டரில் எங்களுக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. பேசுவதற்கு அதில் ஒரு ஓட்டை, இடுப்பு உயரத்தில். வருகிறவர்கள் குனிந்து அந்த ஓட்டைக்குள் வாயை வைத்துப் பேசுவார்கள். நாங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வோம். ஒருநாள் நீங்கள் டோக்கன் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வரிசையில் உட்கார்ந்துவிட்டீர்கள். முறை வந்ததும் குனிந்து, ஓட்டை வழியாக, “எனக்கு முதுகு வலிக்குது, இந்தக் கண்ணாடிய எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டீர்கள். குரல் ஒரு படி இறங்கியே இருந்தது. அந்த வாரமே கண்ணாடி போய்விட்டது.

இப்படி உங்கள் பணிச் சிறப்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் தேநீர் ஆறிவிடும். எனவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று மூன்று பிரிவினரும் கூடி முடிவு செய்தோம். மூன்று பிரிவினரும் கூடி ஒரு முடிவு செய்தார்கள் என்பதே உங்கள் சாதனைகளில் தலையாயது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

நாங்கள் சொல்லப்போவது தையல்கார அக்காவின் கதை. அவரும் இதோ இந்த மண்டபத்தில், மூன்றாவது வரிசையில், தம்பியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆகவே கூட்டிக் குறைத்துச் சொல்ல வழியில்லை.

மன்றத்துக்குச் சொந்தமான மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் அக்காவும், நடக்க முடியாத அவருடைய தம்பியும் இருக்கிறார்கள். அந்த வீடு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதே தம்பிக்காகத்தான். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் இருந்தால் சக்கர நாற்காலி வாசலைத் தாண்டியதும் தெரு வந்துவிடும், தம்பியும் வெளியுலகத்தைப் பார்க்கலாம். அக்கா வீட்டிலேயே ஒரு தையல் மெஷினைப் போட்டு, பேண்ட்டுக்கு உயரம் குறைப்பது, சட்டைக்குப் பக்கம் பிடிப்பது, பைக்கு ஜிப் மாற்றுவது என்று வேலை செய்கிறார். தம்பி காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுப்பார். வாய் மட்டும் அவருக்கு ஓயவே ஓயாது என்று அக்காவே சொல்வார்.

அந்த ஆண்டு நம் குப்பைப் பிரிவு பழைய தொட்டிகளை எல்லாம் கழித்துவிட்டுச் சக்கரம் வைத்த பெரிய தொட்டிகளை வாங்கியது. அதே ஆண்டில் வீட்டுப் பிரிவு எல்லாக் கட்டடங்களின் குப்பை அறைகளுக்கும் புதிய இரும்பு நிலையும் கதவும் போட்டது. இரண்டுமே நல்ல வேலைகள். குறித்த காலத்தில் திட்டத்தை முடித்ததற்காக வீட்டுப் பிரிவுப் பொறியாளரும் குப்பைப் பிரிவு மேற்பார்வையாளரும் ஆண்டு விழா மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சான்றிதழ் வாங்கினார்கள். அந்தப் புகைப்படம் இன்னும் வரவேற்பறையில் தொங்குகிறது. தொட்டி வாங்கியவர் கதவைப் பற்றிக் கேட்கவில்லை, கதவு போட்டவர் தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தனைக்கும் இருவரும் ஒரே மாடியில், ஒரே பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒரே கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தவர்கள். பழைய தொட்டி அறைக்குள் தாராளமாகப் போய் வந்தது. புதிய தொட்டியோ புதிய கதவைவிட நாலு விரல் அகலம் அதிகம்!

போகாத தொட்டி வெளியே நின்றது. மற்றக் கட்டடங்களில் அறைக்கு வெளியே காலி இடம் இருந்ததால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கட்டடத்தில் மட்டும் குப்பை அறைக்கு வெளியே இருந்தது அக்காவின் ஜன்னல். தொட்டி நிரம்பியதும் மேல்மாடிக்காரர்கள் பைகளைப் பக்கத்தில் வைத்தார்கள். நாயும் காக்கையும் பைகளைக் கிழித்து இழுத்துப் போட்டன. சிதறிய குப்பையில் பழத்தோலும் பேப்பரும் எந்த வீட்டுடையது என்று சொல்ல முடியாது. வண்ண வண்ணத் துணி வெட்டுகள் யாருடையவை என்று மட்டும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். “கீழ் வீட்டுத் தையல்காரம்மா வாசல்லயே குப்பையக் கொட்டுறாங்க” என்று புகார் மேல் புகார் வந்தது.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. தொட்டியை உள்ளே வைக்கச் சொல்லி எங்கள் கவுண்டருக்கு வந்து டோக்கன் எடுத்தார். நாங்கள் அதை வீட்டுப் பிரிவுக்கு அனுப்பினோம். தொட்டி எங்களுடையது இல்லை என்று அவர்கள் குப்பைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அறை எங்களுடையது இல்லை என்று குப்பைப் பிரிவு அதை வீட்டுப் பிரிவுக்கே திருப்பியது. நம் கம்ப்யூட்டருக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பிரிவிலிருந்து புகார் இன்னொரு பிரிவுக்குப் போனால் போதும், அனுப்பிய பிரிவின் கணக்கில் அது முடிந்துபோனதாகப் பச்சை நிறம் காட்டும். அக்காவின் புகார் எங்களுக்குள் பந்து மாதிரி உருண்டுகொண்டே இருந்தது. உருண்ட ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்குப் பச்சை விழுந்தது. மாத அறிக்கையைப் பார்த்தால் நம் நகரத்தில் குறையே கிடையாது!

ஆனால் அக்காவின் மேல் வந்த புகார் உருளவில்லை. அது நேராகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. வீட்டில் தொழில் நடத்துகிறார், கழிவைப் பொது இடத்தில் கொட்டுகிறார், சுகாதாரக் கேடு விளைவிக்கிறார் என்று நோட்டீஸ் போனது. ஆய்வுக்குப் போனவர் துணி வெட்டுகளை ஒரு பையில் போட்டுச் சாட்சிப் பொருளாகவே கொண்டுவந்திருந்தார். கண்காணிப்புக் குழுவின் விசாரணை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும், இடம் இருந்தால் மேல்மாடியில் வேறு வீடு பரிசீலிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல்மாடி வீடு கிடைத்தால் தம்பி அப்புறம் தெருவையே பார்க்க முடியாது. அதற்கு மேல் அவர்களுக்குப் போக்கிடமும் கிடையாது.

விசாரணைக் குறிப்பு உங்கள் மேசைக்கு வந்தது. கூடவே மாத அறிக்கையும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நீங்கள் என்னைக் கூப்பிட்டு, “எல்லாம் பச்சையா இருக்கே, அப்புறம் ஏன் இந்த அம்மா திரும்பத் திரும்ப டோக்கன் எடுத்திருக்காங்க?” என்று கேட்டீர்கள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்: உரிய பிரிவுக்கு அனுப்பியாச்சு மேடம். நீங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்கள். நான் தலையைச் சொறிந்தேன். செருப்பு வெளியே வந்தது.

நீங்கள் போய் என்ன பார்த்தீர்கள், யாரிடம் என்ன பேசினீர்கள் என்று எவரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும் இடத்தை மட்டும் மாற்றினீர்கள். கூட்ட அறை வேண்டாம், குடியிருப்பின் குப்பை அறை வாசலுக்கு எல்லோரும் வந்துவிடுங்கள் என்று குழு உறுப்பினர்களுக்கும் பொறியாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் செய்தி போனது. எங்கள் கவுண்டரின் சார்பில் நானும் போனேன்.

அன்றைய காட்சியை எத்தனை அடைமொழி போட்டாலும் சொல்லி முடியாது. குழுத் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். அவருக்கு அடுத்து வேறொரு கூட்டம் இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க எப்படிம்மா உக்காந்து விசாரிக்கிறது?” என்றார். “உக்கார வேண்டாம் சார். அந்தத் தொட்டிய எடுத்து அறைக்குள்ள வெச்சிட்டோம்னா கிளம்பிடலாம்” என்றீர்கள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னீர்கள். பொறியாளரையும் மேற்பார்வையாளரையும் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கை கொடுங்க” என்றீர்கள்.

இருவரும் தள்ளினார்கள். தொட்டி கதவில் முட்டி நின்றது. கொஞ்சம் பின்னால் இழுத்து வேகமாகத் தள்ளினார்கள். முன்பக்கம் போய் நிலையில் இறுகிக்கொண்டது. “யார் சார் இவ்ளோ பெரிய தொட்டி வாங்குனது?” என்றார் பொறியாளர். “யார் சார் இவ்ளோ சின்னக் கதவு போட்டது?” என்றார் மேற்பார்வையாளர். அவசரத்தில் இருந்த தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “தள்ளுங்கப்பா, நானும் வர்றேன்” என்று தோள் கொடுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் தொட்டி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து தம்பியின் குரல் கேட்டது: “சாய்ச்சுப் பாருங்க சார்! லாரிக்காரங்களும் முதல் நாள் அப்படித்தான் பண்ணாங்க. ஆகல, இருந்தாலும் நீங்க பாருங்க!”

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பின்னால் வீட்டுக்குள், தையல் மெஷினைப் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது தெரிந்தது. தீர்ப்பு வந்ததும் கிளம்பத் தயாராகவே இருந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் குரல் ஒரு படி இறங்கியது. “ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு சான்றிதழ் வாங்குனீங்களே, அந்தப் போட்டோவுல இந்தத் தொட்டியையும் இந்தக் கதவையும் பக்கத்துல வெச்சு எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இந்த அம்மா எங்க போவாங்க சார்?” என்று கேட்டீர்கள்.

குழுத் தலைவர் கைக்குட்டையால் உள்ளங்கைக் கறையைத் துடைத்துக்கொண்டே, “நோட்டீஸ் ரத்து. மேற்கொண்டு விசாரிக்க ஒண்ணுமில்ல” என்றார். அக்கா உள்ளே போனார். கயிற்றை அவிழ்த்து, போர்வையை மடித்து, மெஷினைப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு வெளியே வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். இறுகிப்போன தொட்டியை எடுக்கப் புத்தம்புதிய நிலையைக் கடப்பாரை போட்டுப் பெயர்க்க வேண்டியதாயிற்று. பொறியாளர் அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முகத்தை நாங்கள் மறக்கவில்லை. அவரும் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார்.

நிலையை அகலமாக்கிப் போட்டார்கள். மற்றக் கட்டடங்களிலும் மாற்றினார்கள். நீங்கள் அதோடு விட்டிருந்தால் இந்த மடல் இங்கேயே முடிந்திருக்கும். விட்டீர்களா? குழுவில் வைத்து ஒரு விதியை நிறைவேற்றினீர்கள். அனுப்பியாச்சு என்பதற்காக எந்தப் புகாரும் பச்சையாகக் கூடாது. ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், புகார் கொடுத்தவர் தன் வாயால் ‘முடிஞ்சது’ என்று சொல்ல வேண்டும். அதுவரை அது சிவப்பாகத்தான் இருக்கும். சிவப்பாக இருக்கும்வரை மாதம் ஒருமுறை மூன்று பிரிவுகளிலிருந்தும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் உங்களை மனதுக்குள் என்னென்ன சொன்னோம் என்பதை இந்த மங்கல நாளில் தவிர்த்துக்கொள்கிறோம்.

விதி வந்ததும் முதல் வேலையாக அக்காவிடம் போனோம். தொட்டி அறைக்குள் அழகாக நின்றது, ஜன்னலுக்கு வெளியே சுத்தமாக இருந்தது. “முடிஞ்சதுன்னு சொல்லிடுங்கக்கா” என்றோம். அக்கா பார்த்தார். “தொட்டி உள்ள போயிடுச்சு. நல்லாதான் இருக்கு” என்றார். “அப்ப முடிஞ்சதுதானே?” “நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.” “ஏன்க்கா?” “சொல்லிட்டா அப்புறம் யாரு வந்து பாப்பாங்க?”

உங்களிடம் ஓடி வந்து முறையிட்டோம். நீங்கள் மேசையில் கையூன்றிக்கொண்டு சிரித்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. “அவங்க சொல்றது சரிதானே? மாசா மாசம் போய்ப் பாருங்க” என்றீர்கள்.

போனோம். ஒருமுறை போனபோது மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று கண்ணில் பட்டது, மாற்றினோம். இன்னொரு முறை மேல்தளத்தில் குழாய் கசிந்து சுவர் ஊறியிருந்தது. வேறொரு முறை தம்பியின் நாற்காலி இறங்கும் சரிவில் சிமெண்ட் பெயர்ந்திருந்ததை மேற்பார்வையாளரே பார்த்துப் பொறியாளரிடம் சொன்னார். தன் பிரிவு இல்லாத வேலையை அவர் சொன்னதும், இவர் கேட்டதும் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறோம். அந்தக் கட்டடத்திலிருந்து எங்கள் கவுண்டருக்கு வரும் கூட்டம் குறைந்தது. ஆண்டு அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருக்க, மிகப் பழைய சிவப்பு ஒன்று மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும், “இது என்ன, இத்தனை வருஷமா தீராத பிரச்சினை?” என்று கேட்பார்கள். “தீந்துபோச்சு சார். ஆனா இருக்கட்டும்” என்று நீங்கள் ஒவ்வொரு ஆண்டும் சொல்வீர்கள். அவர்களும் என்ன எழுதுவதென்று தெரியாமல் எதையோ எழுதிக்கொண்டு போவார்கள்.

மதிப்புக்குரிய மேடம் அவர்களே!

இப்போது சொல்லப்போவது உங்களுக்கே தெரியாது. சென்ற வாரம் நீங்கள் விடுப்பில் இருந்தபோது நடந்தது.

அடுத்த மாதம் நமக்குப் புதிய மென்பொருள் வருகிறது. ஒரு மாதத்துக்கு மேல் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் புகாரைத் தானாகவே மூடிப் பச்சையாக்கிவிடும் வசதி அதில் இருக்கிறது. அந்தச் செய்தியும், நீங்கள் ஓய்வு பெறும் செய்தியும் எப்படியோ அக்காவின் காதுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. கவுண்டருக்கு வந்தார். நேராக உள்ளே வரலாம், நாங்கள் யாரும் தடுக்க மாட்டோம். இருந்தும் டோக்கன் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் எழுந்து வந்தார். கண்ணாடி இல்லாத கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “மேடம் போயிட்டா என் புகார மூடிடுவீங்களா?”

மேடம், அந்தக் கேள்விக்கு உடனே இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உண்மை. “தம்பிக்கு வயசு கூடுது, எனக்கும் கை நடுங்குது, மறுபடி அந்த ஜன்னல் பக்கம் ஏதாவது வந்து நின்னா யாருகிட்டப் போய்ச் சொல்றது?” என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷினைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த அந்த நாள் அவர் மனதை விட்டு இன்னும் போகவில்லை. நான் அவரை உட்கார வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பொறியாளர் எழுந்தார். மேற்பார்வையாளர் எழுந்தார். பிளைவுட் தடுப்பு இப்போது இல்லை என்பதால் இருவருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்டது. மூன்று பிரிவும் சேர்ந்து குழுத் தலைவரின் அறைக்குப் போய் நின்றோம். கையில் மனு இல்லை, குறிப்பு இல்லை. விஷயத்தைச் சொன்னோம்.

தலைவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அந்தத் தொட்டிய நானும் தள்ளுனவன்தான். தானா மூடுற அந்த வசதிய எடுத்துடச் சொல்லுங்க. யாரும் போய்ப் பாக்காம எதுவும் மூடக் கூடாது” என்றார். கதவு வரைக்கும் வந்த எங்களைத் திரும்பக் கூப்பிட்டு, “எடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர்காரங்க சொன்னா நம்பிடாதீங்க, நீங்க ஒருதடவை போய்ப் பாத்துடுங்க” என்றார். பொறியாளர் சிரிப்பை அடக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

மாடியிலேயே இருக்கும் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்ப் பார்த்தோம். எடுத்துவிட்டார்கள். கீழே இறங்கி வந்து அக்காவிடம் சொன்னோம். அவர் டோக்கனை இன்னும் கையில் வைத்திருந்தார். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அன்றைக்கும் அவர் ‘முடிஞ்சது’ என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பெருந்தகையீர்! பேரன்பினீர்!

விடை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. உங்களைத் திட்டியிருக்கிறோம், உங்களுக்குப் பயந்திருக்கிறோம், நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்து மேசையைத் துடைத்திருக்கிறோம். நாளைக் காலையில் மாடிப்படியில் அந்தக் காலடிச் சத்தம் கேட்காது என்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை. இதை எந்த அடைமொழியும் இல்லாமலே சொல்லிவிடுகிறோம். மேசைக்கு அடியில் இருக்கும் ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அது அங்கேயே இருக்கட்டும். அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் காலை நீட்டினால் அது தட்டுப்பட வேண்டும்.

இனி நீங்களும் நகரவாசி. உங்கள் தெருவிலும் குப்பை லாரி வரும், விளக்கு எரியாது, குழாய் கசியும். டோக்கன் எடுத்துக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வருவீர்கள். உங்களுக்கு ‘தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது’ என்று பதில் எழுதும் துணிச்சல் இந்த அலுவலகத்தில் எவருக்கும் இல்லை. சர்க்கரையும் கொதிப்பும் அண்டாமல், முழங்கால் வலி மாடிப்படியோடு ஒழிந்துபோய், உண்ட உணவு செரித்து, படுத்ததும் வந்த தூக்கம் கலையாமல், வீட்டுக்காரரும் நீங்களும் ஒருவரையொருவர் மேற்பார்த்தபடி நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று மூன்று பிரிவும் முழுமனதோடு வாழ்த்துகிறோம்.

கடைசியாக ஒன்று. இன்று காலை உங்கள் பணி ஓய்வு ஆணை எங்கள் கைக்கு வந்தது. இன்று மாலையோடு உங்கள் பணி முடிந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவருக்கு நம் அலுவலக விதி தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் தம் வாயால் சொல்லாமல் இங்கே எதுவும் முடிந்ததாகாது. நீங்கள் போட்ட விதிதான். சம்பந்தப்பட்டவர்கள் நாங்கள். முடிஞ்சது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதனால் மாதம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நேரில் பார்த்துவிட்டுப் போவோம். ஃபோனில் நல்லாயிருக்கேன் என்று சொன்னால் நம்ப மாட்டோம், போட்டோ அனுப்பினாலும் ஏற்க மாட்டோம்.

முதல் மாதத்துக்குத் தன் பெயரைத்தான் போட வேண்டும் என்று தையல்கார அக்கா சொல்லிவிட்டார். தம்பியும் கூட வருகிறாராம். உங்கள் வீட்டு வாசல் அவருடைய நாற்காலிக்குப் போதிய அகலம்தானா என்று நேற்றே பொறியாளரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டார்கள். தாராளமாகப் போகும்.

என்றும் உங்கள் மேற்பார்வையில்,

வீட்டுப் பிரிவினர், குப்பைப் பிரிவினர், வாடிக்கையாளர் சேவைக் கவுண்டரினர்,
தாங்களும் கையெழுத்துப் போடுவோம் என்று அடம்பிடித்த தையல்கார அக்காவும் தம்பியும்.